ஆட்கள் தேவை

பிளஸ் டூ முடிவு வந்து மதிப்பெண் சான்றிதழ் கைக்குக் கிடைத்ததும் எங்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கூட்டம் சேரும். கணினிப் பதிவு வந்தபின் பள்ளியிலேயே பதிந்துகொடுக்க ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஆனாலும் கூட்டம் நின்றுவிடவில்லை. பதிந்த அட்டையைப் பாலிதீன் உறையில் போட்டுக்கொண்டு, பையனையோ பெண்ணையோ பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அப்பா அம்மாக்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "ஏனுங்க மேடம், கார்டு எப்பங்க வரும்?"

கார்டு என்று அவர்கள் சொன்னது, நேர்முகத்துக்கு வரச்சொல்லி அலுவலகம் அனுப்பும் கடிதத்தை. அவர்களுடைய அப்பாக்கள் காலத்தில் அது உண்மையிலேயே வந்திருக்கிறது. எலெக்ட்ரிசிட்டி போர்டுக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் அப்படிப் போனவர்கள் ஊருக்கு இரண்டு பேராவது இருந்தார்கள். அந்த இரண்டு பேரின் கதை ஊரிலேயே தங்கிவிட்டது. அந்தக் கதையை நம்பிப் பதிந்துவிட்டு, வேறெதுவும் செய்யாமல் ஐந்து வருடம், எட்டு வருடம் என்று வீட்டில் இருந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்து வேலைவாய்ப்பு அலுவலகங்களில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போனது. தொழில்நெறி வழிகாட்டுதல் என் பிரிவு. அந்தப் பிள்ளைகளை எழுப்பிக் கிளம்ப வைப்பதைத்தான் என் வேலையாக நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் அலுவலகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இந்த அமைப்பு 1945இல் வந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தேடிக்கொடுக்கத்தான் தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். 1956 நவம்பர் 1 முதல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. 1959இல் காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டம் வந்தது. அரசு நிறுவனங்களும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடத்தை எங்களிடம் தெரிவிக்க வேண்டும் என்றது அது. அந்தச் சட்டத்திலேயே இன்னொரு வரியும் இருந்தது: நாங்கள் அனுப்புகிற ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று எந்த முதலாளிக்கும் கட்டாயம் இல்லை. 1996இல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிற்காமல் செய்தித்தாளிலும் விளம்பரம் கொடுத்து, விண்ணப்பிப்பவர்கள் எல்லாரையும் பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது. அதுவும் நியாயமான தீர்ப்புதான். ஆனால் பதிவு மூப்பை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அதன் பிறகு பிடிமானம் குறைந்துவிட்டது.

இதையெல்லாம் பெற்றோர்களுக்குப் பொறுமையாகச் சொல்வேன். பதிவை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பியுங்கள், விட்டுவிடாதீர்கள், எப்போதாவது பயன்படும். அதைச் செய்துவிட்டு நாளைக் காலையில் வேலை தேடக் கிளம்புங்கள் என்பேன். "எங்கேங்க மேடம் போறது?" என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்காகத்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொல்வேன். முதல் பக்கத்தில் என்ன படித்தாய் என்று எழுத வேண்டாம், அது சான்றிதழில் இருக்கிறது. உன் கையால் என்னென்ன செய்யத் தெரியும், எழுது என்பேன். ஐ.டி.ஐ. டர்னர் முடித்த பையன் "டர்னர்" என்று ஒரு சொல் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பான். லேத்தில் எவ்வளவு நீள ஜாப் பிடித்திருக்கிறாய்? த்ரெட் வெட்டுவாயா? டூல் கிரைண்டிங் நீயே செய்வாயா, இல்லை சார் செய்துகொடுத்தாரா? மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியுமா? ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கப் பக்கம் நிறையும். பி.காம். படித்த பெண்ணும் அப்படித்தான். "ஒண்ணும் தெரியாதுங்க மேடம்" என்று ஆரம்பிப்பாள். அப்பா நடத்தும் மளிகைக் கடையில் கொள்முதல் கணக்கு நான்கு வருடமாக அவள்தான் எழுதுகிறாள், பாக்கி வசூலுக்கு ஃபோன் பேசுவதும் அவள்தான் என்பது அரைமணி நேரம் கழித்து வெளியே வரும். அதை வேலை என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

இரண்டாம் பக்கத்தில் பஸ். இதைப் படிக்கும் நகரத்து வாசகர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எங்கள் வட்டாரத்தில் பாதி வேலைகள் போவது இதனால்தான். காலை எட்டரை ஷிஃப்டுக்கு வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே வண்டி மாற வேண்டும், ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு, கம்பெனி வண்டி வந்தால் எந்த முக்கு வரை வரும் என்று எழுத வேண்டும். வேலை கிடைத்து ஒரு மாதத்தில் விட்டுவிட்டு வந்தவர்களிடம் காரணம் கேட்டால் சம்பளத்தைவிடப் பஸ்ஸைத்தான் அதிகம் சொல்வார்கள். பெண்பிள்ளைகளுக்கு இது இரண்டு மடங்கு. அதனால் முதலில் பஸ், பிறகு அந்தப் பஸ் போகும் பாதையில் என்னென்ன கம்பெனி என்று வரச்சொல்வேன். காந்திபுரத்திலிருந்து கணபதி, சின்னவேடம்பட்டி ஒரு பாதை. உக்கடத்திலிருந்து குறிச்சி சிட்கோ, மலுமிச்சம்பட்டி ஒரு பாதை. அவிநாசி ரோட்டில் பீளமேட்டிலிருந்து அரசூர் வரை ஒன்று. பாதைக்கு ஒரு பக்கம்.

மூன்றாவது, வீடு எத்தனை மாதம் பொறுக்கும் என்பது. இதைப் பெற்றோரை வைத்துக்கொண்டே கேட்பேன். ஆறு மாதம் என்றால் தேடுகிற விதம் வேறு, ஒரு மாதம் என்றால் வேறு. ஒரு மாதம்தான் என்று சொல்லும் வீட்டுப் பிள்ளை, கிடைத்த வேலையில் முதலில் சேர்ந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தேட வேண்டும். அதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

டி.என்.பி.எஸ்.சி. பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் எங்கள் ஊரில் வேலைப் பேச்சு கிடையாது. 2022 குரூப் 4 தேர்வு 7,301 இடங்களுக்கு அறிவிக்கப்பட்டது. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். எங்கள் அலுவலகத்துத் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் படித்து ஜெயித்தவர்கள் உண்டு, அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான். படி, கட்டாயம் படி. ஆனால் எந்த வயது வரை, எத்தனை தேர்வு வரை என்று நோட்டில் எழுதி அம்மாவிடம் காட்டு, அதுவரையிலும் கையில் ஒரு வேலை வைத்துக்கொள் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். சில பயிற்றுநர்களுக்கு என்மேல் வருத்தம். முழுநேரமாகப் படித்தால்தான் வரும் என்பது அவர்கள் கட்சி. முப்பது வயதில் ஒரு நாள் அனுபவம்கூட இல்லாமல், ஓ.எம்.ஆர். தாள் தவிர வேறெதுவும் தொடாமல் என்முன் வந்து நின்றவர்களை அவர்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இனி எங்கே கேட்பது, யாரிடம் கேட்பது என்ற விஷயம். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

கம்பெனி கேட்டில் "ஆட்கள் தேவை" என்று போர்டு தொங்கும். திருப்பூரில் இன்னும் விவரமாக, "பவர் டேபிள் டெய்லர், செக்கிங், கைமடி தேவை" என்று எழுதியிருப்பார்கள். பிள்ளைகள் அந்தப் போர்டைப் பார்த்துக் கேட்டில் போய் நிற்கிறார்கள். வாட்ச்மேன் பயோடேட்டாவை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிடுகிறார். போர்டு பல இடங்களில் வருடம் முழுக்கத் தொங்கும். அது தொங்குவதால் இன்று ஆள் வேண்டும் என்று அர்த்தம் இல்லை, தொங்காத இடத்தில் ஆள் வேண்டாம் என்றும் அர்த்தம் இல்லை. ஒரு பட்டறையில் இன்று காலை ஆபரேட்டர் ஒருவன் நின்றுவிட்டான் என்பது முதலில் சூப்பர்வைசருக்குத் தெரியும். அவர் பக்கத்து மெஷின்காரனிடம், "உங்க ஊர்ப் பக்கம் பசங்க யாராவது இருந்தா சொல்லுப்பா" என்பார். அதோடு அந்த இடம் நிரம்பிவிடும். போர்டுக்கும் வராது, வேலைவாய்ப்பு முகாமுக்கும் வராது.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் இதைத்தான் ஆராய்ந்தார். பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில் புதிதாக வேலை மாறியவர்களிடம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். 1973இல் அவர் எழுதிய கட்டுரையில் சொல்லியிருப்பது என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்த்தவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்த்தவர்கள் 27.8 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். தள்ளி இருப்பவர்தான் வேறு இடத்துச் செய்தியைக் கொண்டுவருகிறார்.

எங்கள் ஊருக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் பட்டறை பட்டறையாகப் போய் வருகிறவர்கள் யார்? டூல் விற்கிறவர், பேரிங் கடைப் பையன், ஜாப் ஏற்றி இறக்கும் டெம்போ டிரைவர், மெஷின் சர்வீஸ் செய்கிறவர், டீ கேனோடு சுற்றுகிற அண்ணன். இவர்களுக்கு எந்த மெஷின் ஆள் இல்லாமல் சும்மா நிற்கிறது என்று தெரியும். திருப்பூரில் என்றால் ஊசி, நூல், ஸ்பேர் விற்கிறவர்களும் மெஷின் மெக்கானிக்குகளும். நோட்டின் அடுத்த பக்கத்தில் இப்படிப்பட்டவர்கள் பெயரை எழுதச் சொல்வேன். "எனக்கு யாரையும் தெரியாதுங்க மேடம்" என்பார்கள். சொல்லு கண்ணு, உங்க வீதியில் டெம்போ ஓட்டறவங்க யாரு? ஐ.டி.ஐ.யில் உனக்கு ரெண்டு செட் முன்னாடி படிச்சவங்க எங்க இருக்காங்க? உங்க அம்மா வேலை செய்ற மில்லுல மெக்கானிக் யாரு? பத்துப் பெயர் வராமல் எழுந்திருக்க விடமாட்டேன்.

இதில் ஒரு கடுமையான உண்மை இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாக எழுதியதாகாது. எங்கள் வட்டாரத்தில் வேலைச் செய்தி சொந்தபந்தம் வழியாகவும் சாதி வழியாகவும் ஓடுகிறது. மில்லில் மாமா இருக்கும் பையனுக்கு அவர் சொல்லிவிடுகிறார். தோட்டத்துக் கூலிக்குப் போகும் வீட்டிலிருந்து முதல் தலைமுறையாக டிப்ளமோ முடித்த பையனுக்கு அந்த மாமா கிடையாது. மதிப்பெண் இருக்கும், கைத்திறன் இருக்கும், செய்தி வந்து சேராது. மேற்குத் தெருப் பையனுக்கு மூன்று நாளில் கிடைத்த வேலை, அதே வகுப்பில் அவனைவிட நன்றாகப் படித்த காலனிப் பையனுக்கு ஒன்றரை வருடம் கிடைக்காமல் இருந்ததை நான் பார்த்தேன். இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு ஃபோன் அழைப்புதான். அந்த ஃபோன் அழைப்பை எப்படி உண்டாக்குவது என்பதே பிறகு என் யோசனையாக இருந்தது.

வழி ஒரு புத்தகத்தில் கிடைத்தது. நேதன் அஸ்ரின் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் கார்பன்டேல் ஊரில் ஒரு குழு நடத்தினார். வேலை தேடுகிறவர்களைச் சேர்த்துத் தினமும் ஒரே அறையில் உட்கார வைத்தார். ஆளுக்கு ஒரு கூட்டாளி. தனக்குப் பொருந்தாத காலியிடச் செய்தியை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். டெலிஃபோன் டைரக்டரியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பெனியாகக் கூப்பிட வேண்டும். வேலை தேடுவதை முழுநேர வேலையாகச் செய்ய வேண்டும். 1975இல் முடிவை வெளியிட்டார்: மூன்று மாதத்தில் குழுவில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்திருந்தது, தனியாகத் தேடியவர்களில் 60 சதவீதம் பேருக்கு. எங்கள் ஊரில் அதே எண் வரும் என்று நான் எண்ணவில்லை. ஆனால் மாமா இல்லாத பிள்ளைகள் ஒருவருக்கொருவர் மாமாவாக இருக்கலாமே என்று பட்டது.

பயிலும் வட்டத்துக் கூடத்தில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கினேன். காலை ஒன்பது மணிக்கு வர வேண்டும். பத்தரைக்குக் கிளம்பிவிட வேண்டும், அதற்குமேல் அங்கே உட்கார அனுமதி இல்லை. நேற்று யார் எங்கே போனார்கள், யாரைப் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொருவரும் நின்று சொல்ல வேண்டும். "போனேன், இல்லைன்னுட்டாங்க" என்றால் ஒத்துக்கொள்ள மாட்டோம். யார் சொன்னது? வாட்ச்மேனா, ஹெச்.ஆரா, சூப்பர்வைசரா? எப்போது திரும்ப வரச்சொன்னார்? பக்கத்துப் பட்டறை என்ன செய்கிறது? அதையெல்லாம் சுவரில் ஒட்டிய பெரிய சார்ட் தாளில் எழுதுவோம். பாதைவாரியாக, கம்பெனிவாரியாக.

முதலில் சங்கடம் இருந்தது. தனக்குத் தெரிந்த இடத்தை வெளியே சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. நான் சொல்லி அவன் போய்விட்டால் என்ற பயம். நான் அதற்கு வாதம் செய்யவில்லை. ஃபிட்டர் ஒருவன், தான் போன இடத்தில் வெல்டர் கேட்டார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அந்த வாரமே வெல்டர் பையன் அங்கே சேர்ந்தான். அந்த வெல்டர் மறுவாரம் ஃபோன் செய்து, அசெம்ப்ளியில் ஃபிட்டர் நின்றுவிட்டதாகச் சொன்னான். அதன் பிறகு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கிளம்பும்போது இரண்டு இரண்டு பேராகத்தான் அனுப்புவேன், வேறுவேறு தொழில்காரர்களாக. தனியாகப் போகிறவன் இரண்டாவது "இல்லை"யோடு டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறான். கூட ஒருவன் இருந்தால் ஆறாவது கேட்டுக்கும் போகிறார்கள். பெண்கள் ஜோடியாகப் போனால் வீட்டிலும் அனுப்புகிறார்கள். எந்த நேரத்துக்குப் போவது என்பதையும் குழுவே கண்டுபிடித்தது. காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் சூப்பர்வைசர் ஓடிக்கொண்டிருப்பார். ஷிஃப்ட் மாறும் நேரத்துக்குச் சற்றுமுன், அவர் டீ குடிக்க வெளியே வரும்போது பார்க்க வேண்டும். வேலை கேட்கக்கூட வேண்டாம். "சார், வி.எம்.சி. ஓட்டியிருக்கேன், ஃபேனக், சீமென்ஸ் ரெண்டு கன்ட்ரோலும் தெரியும். இப்ப இடம் இல்லாட்டிப் பரவாயில்லைங்க, நம்பர் குடுத்துட்டுப் போறேன்" என்றால் போதும். இடம் காலியாகும் நாளில் அவருக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த முகம்தான்.

காலை ஒன்பது மணி என்று நான் வைத்ததற்குப் பின்னால் வேறொரு நூல் இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரில், ஆலை மூடி ஊரே வேலையில்லாமல் ஆனபோது, ஆராய்ச்சியாளர்கள் போய்த் தங்கிப் பார்த்தார்கள். 1933இல் வந்தது அந்த நூல். கைநிறைய நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்துவிட்டது. ஊரின் பெரிய வீதியில் நடந்த ஆண்களில் பெரும்பாலோர் இரண்டு முறையாவது வழியில் நின்றார்கள். வீட்டுவேலை இருந்த பெண்கள் அவர்களைவிட வேகமாக நடந்தார்கள். இதை நான் வாசித்தபோது என் முன்னால் வந்த முகங்களை நினைத்துக்கொண்டேன். வேலையில்லாத வருடங்களில் பணம் மட்டும் போவதில்லை, நாளின் ஒழுங்கும் கரைந்துவிடுகிறது. பதினொன்றரைக்கு எழுகிற பழக்கம் வந்துவிட்டால், வேலை கிடைத்தாலும் அதில் நிற்க உடம்பு வருவதில்லை. ஒன்பது மணிக்கு வா என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு முதல் காரணம் அதுதான். காலியிடச் செய்தி இரண்டாவது காரணம். சில அப்பாக்கள் சொன்னார்கள், "வேலை அப்புறம் ஆகட்டுங்க மேடம், பையன் குளிச்சுட்டுக் கிளம்பறானுங்க, அதுவே போதுங்க." எனக்கு அது போதாது. ஆனால் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று புரிந்தது.

பயோடேட்டா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பக்கம் போதும். பிரவுசிங் சென்டரில் யாருடையதையோ மாற்றி அடித்துக் கொடுக்கும் மூன்று பக்கத்தில் "எனது குறிக்கோள்" என்று ஐந்து வரி ஆங்கிலம் இருக்கும், பிள்ளைக்கே அதன் பொருள் தெரியாது. அதை எடுத்துவிட்டு, தெரிந்த மெஷின், தெரிந்த கன்ட்ரோல், பயன்படுத்திய அளவுகோல்கள், அப்ரண்டிஸ் செய்த இடம், உடனே சேர முடியுமா, நைட் ஷிஃப்ட் வருமா என்று போட்டால் சூப்பர்வைசர் அரை நிமிடத்தில் பார்த்துவிடுவார்.

பெயர் விஷயத்தில் மட்டும் நிறைய நேரம் செலவிடுவேன். நம் ஆட்களுக்கு இனிஷியல் ஒரு பெரிய தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுதாக வந்துவிட்டிருக்கும். கம்பெனியில் சேர்ந்து பி.எஃப். கணக்கு இணைக்கும்போது எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கும். வேலை தேடத் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி திருத்திக்கொள்ளச் சொல்வேன். அடுத்தது ஃபோன் நம்பர். ரீசார்ஜ் தீர்ந்து நின்ற நம்பர், சிம் மாற்றியதால் செத்த நம்பர், பெண்பிள்ளை என்பதால் அப்பாவின் நம்பர், அந்த அப்பா தெரியாத நம்பரை எடுக்காதவர். கம்பெனி ஒரு முறைதான் கூப்பிடும், எடுக்கவில்லை என்றால் பட்டியலில் அடுத்த ஆள். கிடைத்திருக்க வேண்டிய வேலை இதனால் போனதை எத்தனையோ தடவை கேட்டு மனம் நொந்திருக்கிறேன். தேடுகிற மாதங்களில் நம்பரை உயிரோடு வைத்திருப்பது, மணி அடித்தால் எடுப்பது, எடுக்க முடியாவிட்டால் அன்றைக்கே திருப்பிக் கூப்பிடுவது என்பது எங்கள் குழுவின் சட்டம். பெண்களுக்குத் தனி நம்பர் வாங்கிக்கொடுக்கச் சொல்லி வீடுகளில் நான் வாதாடியிருக்கிறேன், பெரும்பாலும் அம்மாக்கள் என் பக்கம் நின்றார்கள்.

நேர்முகம் என்றாலே ஆங்கிலம் என்று நடுங்குகிறார்கள். பட்டறைகளிலும் மில்களிலும் நடப்பது பெரும்பாலும் செய்துகாட்டும் சோதனை. ஒரு டிராயிங்கைக் கொடுத்து அளவு சொல்லச் சொல்வார்கள். வெர்னியர் கொடுத்து ஒரு ஜாப்பை அளக்கச் சொல்வார்கள். 0.02 மில்லிமீட்டர் வரை படிக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு ஆங்கிலம் வேண்டாம். பனியன் கம்பெனியில் இரண்டு பீஸ் தைக்கச் சொல்வார்கள், தையல் நேராக இருக்கிறதா, கை பழகிய கையா என்று பார்ப்பார்கள். அதனால் ஒத்திகையில் நாங்கள் பேச்சைவிடச் செயலுக்கே இடம் கொடுத்தோம். பழைய வெர்னியர் ஒன்றும் மைக்ரோமீட்டர் ஒன்றும் ஒரு பட்டறைக்காரர் கொடுத்தார். காலையில் குழுவில் அதைச் சுற்றுக்கு விடுவோம். பி.காம். பெண்கள்கூட அளக்கக் கற்றுக்கொண்டார்கள். ஸ்டோர்ஸிலும் குவாலிட்டியிலும் சிலருக்கு அது உதவியது.

சம்பளப் பேச்சில் பிள்ளைகள் வாயடைத்துப்போவார்கள். "நீங்க பார்த்துக் குடுங்க சார்" என்று சொல்லாதே என்பேன். குழுவில் சேர்ந்தவர்கள் சொல்லும் சம்பளத்தையும் சார்ட்டில் எழுதியிருப்போம். அதே வேலைக்கு அந்தப் பாதையில் என்ன கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போனவன் குரல் நடுங்காது. சி.டி.சி. (நிறுவனத்துக்கு நம்மால் ஆகும் மொத்தச் செலவு) என்று சொல்லும் தொகை கைக்கு வருவதல்ல என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்றால் பி.எஃப்.புக்கு நம்மிடம் பிடிப்பது 12 சதவீதம், 1,800 ரூபாய். நிறுவனமும் 1,800 போடும். சி.டி.சி. கணக்கில் இரண்டும் உள்ளே இருக்கும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் வேண்டாம், முழுசாகக் கையில் கொடுங்கள் என்று கேட்பது இளவயதில் எல்லாருக்கும் வரும் ஆசை. பிரசவத்துக்கும் விபத்துக்கும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போன வீடுகளின் கதையைச் சொல்லித்தான் அதை மாற்ற வேண்டியிருக்கும். ஆன்-ரோலா, கான்ட்ராக்டா, கான்ட்ராக்ட் என்றால் யார் பெயரில் என்பதைச் சேரும் முன்பே கேட்க வேண்டும். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவரக் கூடாது, சரிபார்த்துவிட்டுக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பணம் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். யூனிஃபார்ம் டெபாசிட், டிரெயினிங் ஃபீஸ், ரெஜிஸ்ட்ரேஷன் சார்ஜ் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜெண்டுக்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும், அதை இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அவர்கள் வாங்கும் சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் என்று விதியில் உச்சவரம்பு இருக்கிறது. லட்சக்கணக்கில் கேட்கிறவர் விதிக்கு வெளியே நிற்கிறார். டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லிக் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் கொண்டுபோய் இணைய மோசடிக் கும்பலிடம் விட்ட கொடுமை நம் பிள்ளைகளுக்கு நடந்தது. டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் 1978 முதல் இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள்.

அலுவலகம் நடத்தும் வெள்ளிக்கிழமை வேலைவாய்ப்பு முகாம்கள், 2020இல் தொடங்கிய அரசின் தனியார் வேலை இணையதளம் இரண்டையும் பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் முகாமுக்கு வெறும் கையோடு வராமல், எந்தெந்தக் கம்பெனி வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, மூன்று மேசையை மட்டும் குறித்துக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் அதில் பலன் இருந்தது. எல்லா மேசையிலும் பயோடேட்டாவை வைத்துவிட்டுப் போனவர்களை மாலையில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. மேசையில் இருந்தவரின் பெயரையும் நம்பரையும் நோட்டில் எழுதி, திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டுப் பேசுவதையும் குழுவில் கட்டாயமாக வைத்திருந்தோம். கூப்பிட்டவர்கள் மிகக் குறைவு என்பதால் கூப்பிட்டவர் நினைவில் நின்றார்.

வேலை கிடைத்தவர்களுக்கு எங்கள் குழுவில் ஒரே ஒரு கடமைதான். சேர்ந்த இடத்தில் எந்த ஆள் நின்றாலும் அன்று இரவே சொல்ல வேண்டும். எந்த டிபார்ட்மென்ட், எந்த ஷிஃப்ட், தங்க ரூம் உண்டா, யாரைப் பார்க்க வேண்டும் என்ற நான்கு விவரம். காலனிப் பையனுக்கு வேலை கிடைத்தது அப்படி வந்த ஒரு அழைப்பில்தான். சின்னவேடம்பட்டிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் நைட் ஷிஃப்டுக்கு ஆள் நின்றுவிட்டதாகக் குழுவில் இருந்து போனவன் சொன்னான். இவன் மறுநாள் காலை அங்கே இருந்தான். டிராயிங் கொடுத்தார்கள், படித்துக் காட்டினான். பிறகு அவன் எங்களுக்குச் சொன்ன இடங்கள் மற்ற எல்லாரையும்விட அதிகம்.

எங்கள் வட்டாரத்தில் ஆள் மாறும் பெரிய பருவம் தீபாவளிக்கு அடுத்த இரண்டு மூன்று வாரம். போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களில் பலர் அதே கம்பெனிக்குத் திரும்புவதில்லை. ஆகவே புரட்டாசியில் குழுவுக்கு வருகிறவர்களிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லி, அந்த மாதம் முழுக்க நோட்டையும் பாதைப் பட்டியலையும் பெயர்த் திருத்தத்தையும் முடிக்க வைப்பேன். பண்டிகைக்கு முந்தைய வாரம் போய்ச் சூப்பர்வைசர்களிடம் முகத்தைக் காட்டி நம்பர் கொடுத்துவிட்டு வரச்சொல்வேன். விடுமுறை முடிந்து கம்பெனி திறக்கும் நாளன்று காலை எட்டு மணிக்கு யார் யார் எந்த கேட்டில் நிற்பது என்பதை முன்பே பிரித்து எழுதிவிடுவோம். அன்று மட்டும் குழு கூடாது.